வெயிலில் வரும் முகம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "மாமனுக்க மொகம் வீட்டுக்குள்ள கொண்டு வந்தா மாஞ்சு போவுது, முற்றத்துக்குக் கொண்டு போனா தெளியுது."

நான் வெளியே பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு காதைக் கொடுத்தேன். செத்துப்போன மாமனாரின் நினைவு ஜெபத்துக்கு, அவர் படம் போட்டு அடித்த கார்டு அவள் மடியில் இருந்தது. மற்றவள் அதை அடித்த அச்சாபீசில் வேலை செய்கிறவள்.

"பேடிக்காதே மக்கா. வெயிலு பட்டா நிறம் வாற மையாக்கும் அது. கல்யாணக் கார்டுக்கு வாங்கினது. நிழல்ல மாஞ்சிரும்."

"இத மாமிகிட்ட ஆரு சொல்ல? கார்டையும் பிடிச்சிட்டுப் பகலு முழுக்க வெயில்ல இருக்காவ. மகன்கிட்ட பிணங்கி எறங்கிப் போயி, வெளிய கெடந்து மரிச்ச மனுசன். அவன் விளிக்காம உள்ள வரமாட்டாருன்னு சொல்லுதாவ. நேத்து மயங்கி விழுந்தாச்சு. வேற மையில ஒண்ணு அடிச்சுத் தா அக்கா."

"தாறேன். அத இங்க கொண்டா."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஸ் அமரவிளை தாண்டியது. பிறகு மெல்லச் சொன்னாள்: "பிள்ளே, சுத்தி உள்ள பூவுக்கு மட்டுந்தான் அந்த மை போட்டோம். மொகம் எப்பவும் போடுத சாதா கறுப்பு மையாக்கும், அது மாயாது."

மருமகள் கார்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்தாள். அப்புறம் போனில் வீட்டுக்காரரை விளித்தாள்.

"நீங்க இன்னைக்கு சோலிக்குப் போவாண்டாம். முற்றத்துல எறங்கி நின்னு, அப்பாவ உள்ள வரச் சொல்லுங்க."