வீட்டு வண்டிக்குப் போன குடங்கள்

"வண்டிக்குள்ளயிருந்து தண்ணி வருதுன்னதும் எங்க தெருவே குடத்தோட வரிசைகட்டிருச்சு மச்சான்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் சொன்னார். மடியில் பைப் ரெஞ்சு. பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன்.

"என்ன வண்டி மாப்ள?"

"ஒரு வெள்ளக்காரரும் அவரு சம்சாரமும் வந்த வேனு. உள்ளேயே அடுப்பு, கட்டில், கக்கூஸு. கட்டிலுக்கு அடியில தண்ணி டேங்கு. அம்புட்டும் ஒரு வேனுக்குள்ள! டேங்குல குழாய் சேருற எடத்துல வாசர் தேஞ்சு ஒழுகுது. காலி பண்ணுனாத்தான் மாத்த முடியும். தொறந்துவிட்டேன். பதினோரு குடம் புடிச்சாக."

"பொறவு?"

"லாரி டியூப்ப வெட்டி வாசர் போட்டேன். ஒழுகல. ஆனா டேங்கு காலி. தெருக்குழாயில தண்ணி வர இன்னும் நாலு நாளு. அந்தம்மா மொகம் சுண்டிப்போச்சு. செத்த நேரத்துல பாத்தா, போன குடமெல்லாம் திரும்பி வருது. வண்டிக்கு வெளிய ஒசரத்துல இருக்குற டேங்கு வாயில புனல வச்சு, அதுமேல வெள்ள வேட்டியப் போட்டு வடிகட்டி ஊத்துறாளுக."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

அண்ணன் நம்பவில்லை. "ஒரு குடத் தண்ணிக்கு என் தங்கச்சி மண்டைய ஒடச்சாளுகளே, அந்தத் தெருவா?"

"அதே தெருதான். மொதக் குடம் கொண்டாந்தது ஒங்க தங்கச்சி. தலையில இன்னும் கட்டு இருக்கு, எக்கி ஊத்த முடியல. கூடப் புடிச்சுத் தூக்கிவிட்டது யாருங்கீக? மண்டைய ஒடச்சவதான்."