கமோத்தே என்கிற சொல்

எனக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவ்வளவாகப் பிடிக்காது, டாக்டரம்மா. ஆனால் பெரு நாட்டு லீமாவில், கணினி விளையாட்டு அணி தங்கும் விடுதிக்குச் சமையல்காரனாக இருந்துகொண்டு அதை வேகவைக்காமல் இருக்க முடியுமா.

நீங்கள் வருவதற்கு முன்னால், ஆட்டத்தில் தோற்ற பையன்கள் நேரே என் அடுக்களைக்குத்தான் வருவார்கள். என்னுடையது மூட்டை தூக்கிக் காய்த்த கைதான், ஆனாலும் அவர்கள் தோளில் வைத்தால் அழுகை நின்றுவிடும். கணினியில் கோட்டையை இடிக்கிறவனுக்கும் பசிக்கும், பயமாக இருக்கும், அவ்வளவுதானே. பிறகு மாடியில் உங்களுக்கு ஓர் அறை திறந்தார்கள். மெத்தை நாற்காலி, கதவில் 'மனப் பயிற்சி' என்று பலகை. அடுக்களை காலியாகிவிட்டது. என்னை மாமா மாமா என்று சுற்றிவந்த ஜாயிர்கூட வரவில்லை.

அவனை ஒரு சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். ஆட்டத்தில் கை பதறினால் அணித்தலைவன் பிரையான் அதைச் சொல்வான், இவன் மூச்சை விட்டு நிதானமாவான். ஜாயிர் எடுத்த சொல் 'கமோத்தே'. நம் சர்க்கரைவள்ளிக்கு இங்கே அதுதான் பேர், ஊரில் அவன் அம்மா தணலில் சுட்டுத்தரும் கிழங்கு. அருமையாக வேலை செய்தது. இறுதிப் போட்டிக்கே போய்விட்டோம். நானும் கைதட்டினேன்.

ஒரு சொல்லோடு எது சேர்ந்து வருகிறதோ, உடம்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்று சாப்பாட்டு மேசையில் நீங்கள்தான் விளக்கினீர்கள். பயிற்சி நேரத்தில் பையன்களின் போனை வாங்கி வைத்துவிடுவதால், அம்மாமார் அடுக்களைக்குத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"கமோத்தே வச்சிருக்கேன், மகனே. உங்கம்மா கூப்பிட்டாங்க. குரலே சரியில்ல, மூச்சு வாங்குது."

"எங்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க, மாமா?"

"பிள்ளைகிட்ட எந்த அம்மா சொல்லுவா? கமோத்தே ஆறுது, சாப்பிடு."

தட்டு வைக்கும்போதெல்லாம் இப்படித்தான். அந்த அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நல்ல மனுஷி, போனில் என் முழங்கால் வலியைத்தான் விசாரிப்பார்.

இறுதிப் போட்டியை அடுக்களை டிவியில் பார்த்தேன். எங்கள் முதல் கோட்டை விழுந்ததும் ஜாயிர் தப்புத் தப்பாக அழுத்த ஆரம்பித்தான்.

"கமோத்தே, தம்பி, கமோத்தே," என்றான் பிரையான்.

பையனுக்கு முகம் வெளுத்தது. போதவில்லை என்று நினைத்து நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். ரசிகர்களுக்கும் அந்தச் சொல் தெரியுமே. அரங்கமே தாளம் போட்டுக் கமோத்தே, கமோத்தே என்றது. எல்லாரும் அவனைத் தேற்றத்தான் பார்த்தார்கள், பாவம். ஜாயிர் மவுசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நடுவரிடம் கேட்டான்:

"சார், எங்கம்மா உயிரோட இருக்காங்களா?"

உங்களை வேலையை விட்டு அனுப்பியது எனக்கு வருத்தம்தான். உங்கள் வித்தையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாயிரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இப்போது ஆடுவதில்லை, நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். அம்மாவே போனில் பேசினாலும் நம்புவதில்லை. "நல்லா இருக்காங்கடா" என்று நான் சொன்னால்தான் தூங்கப் போகிறான். சில நாள் சொல்ல மறந்துபோகிறது.