இடது ஓரத்தில் கசியும் காற்று

ஹலோ... எக்கா, நான் கெசியா பேசுதேன். டூட்டில இருக்கியா?... ஒரு நிமிசம்தான். உதடு மரத்துப் போச்சுன்னா என்ன தடவணும்? அத மட்டும் சொல்லு, வச்சிருதேன்...

குரலா? குரலுக்கு ஒண்ணுமில்ல. வாய்தான் ஒரு மாதிரி குழறுது. காலைலேருந்து ட்ரம்பெட் ஊதிட்டே இருக்கேன்லா, அதான்... இல்ல, வெட்டல்லாம் விழல, ரத்தமும் இல்ல. இடது ஓரம் மட்டும் மதமதன்னு கெடக்கு. பல்லு புடுங்கதுக்கு ஊசி போட்டா எப்படி இருக்கும், அது கணக்கா.

அப்பாவும் அம்மாவுமா?... வள்ளியூருக்குப் போயிட்டாவ, சித்தப்பா கட்டுன புது வீட்டு பிரதிஷ்டைக்கு. நான் வரலன்னுட்டேன்... ஆமா, ஆமா, அம்மா உன்கிட்ட சொல்லி வருத்தப்பட்டிருப்பா. என்ன செய்யக்கா, வீடு காலியா கெடைக்கது இன்னைக்குத்தான். கடைசி நாளும் இன்னைக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள பம்பாய்க்கு வீடியோ போயாகணும்.

அதாங்க்கா, அந்த ஆர்க்கெஸ்ட்ரா. சொன்னேன்லா. அவங்களே சொல்லிக் குடுத்து, அவங்ககூடவே உக்கார வச்சு வாசிக்க வைப்பாங்க. எப்பயாச்சும்தான் ஆள் எடுப்பாங்க. ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு எடம். அடுத்து எடுக்கதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும்... ஆமா. ரெண்டு எட்யூடு ஊதி அனுப்பணும்... எட்யூடுன்னா, பாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா உதட்டுக்கும் விரலுக்கும் மூச்சுக்கும் பயிற்சி வைக்கதுக்குன்னே எழுதினது. ஒண்ணு பைய போகும், இன்னொண்ணு ஓட்டமா ஓடும். ரெண்டையும் சேத்து, நடுவுல நிப்பாட்டாம, வெட்டி ஒட்டாம, மொகம் தெரிய எடுக்கணும்.

எடுத்தேன்க்கா. எடுத்து எடுத்துப் பாக்கேன். சன்னலயெல்லாம் சாத்தி, போர்வையத் தொங்கவிட்டு, பேன் சத்தம் விழும்னு அதையும் அமத்திட்டு, வேர்த்து ஒழுகுது. மொதல்ல மேல ஏறுத சுரம் மட்டும் உடஞ்சுது. உதடு களைச்சிருக்கும்னு செத்த நேரம் சும்மா உக்காந்தேன். திரும்ப ஊதினா இடது ஓரத்துல காத்து கசியுது, புஸ்ஸுன்னு, சைக்கிள் ட்யூபுல முள்ளு குத்துனாப்ல. நேத்துவரைக்கும் அப்படி இல்லக்கா. நேத்து அவ்வளவு சுத்தமா வந்துச்சு. நேத்தே எடுத்துத் தொலைச்சிருக்கணும், இன்னைக்கு வீடு காலியா இருக்குமேன்னு விட்டுட்டேன்.

காப்பியா? எதுக்குக் கேக்க?... குடிச்சேன். சட்டையில சிந்திட்டு... ஆமா, இடது பக்கந்தான். வாய் கொப்பளிச்சா தண்ணியும் அந்தப் பக்கமே ஒழுகுது. அதான் சொல்லுதேன்லா, களைச்சுப் போச்சு. வெண்ணெய் தடவவா? ஐஸ் வைக்கவா?...

காதுக்குப் பின்னாலயா?... ஆமா, வலிச்சுது. முந்தாநாள்லேருந்து வலிக்கத்தான் செய்யுது. தலவாணி சரியில்லன்னு நெனச்சேன். உனக்கு எப்படித் தெரியும்?...

எக்கா, ஏன் ஒரு மாதிரி பேசுத?

சரி... சரி, போறேன். அம்மா ரூமுக்கு வந்துட்டேன், கண்ணாடி முன்னாலதான் நிக்கேன். போன ஸ்பீக்கர்ல போட்டாச்சு. கைய நீட்டிட்டேன், ரெண்டு கையும்... இல்ல, ஒண்ணு போலதான் நிக்கி. இறங்கல... காலுக்கு என்ன, நடந்துதான வந்தேன்... ம். கண்ண மூடிட்டேன்.

மூடிட்டேன்க்கா...

மூடினா எப்படிக் கண்ணாடியப் பாக்க? நீயும் ஒரு... இரு.

எக்கா. கண்ணாடி தெரியுது. மூடிட்டுத்தான் இருக்கேன், எனக்குக் கண்ணாடி தெரியுது. இடது கண்ணு மூட மாட்டேங்கு. இமை பாதிக்கு மேல இறங்க மாட்டேங்கு.

... சிரிக்கவா? இப்பமா?... சரி... ஒரு பக்கந்தான் வருது. இந்தப் பக்கம் சும்மா தொங்குது... நெத்தி... சுருக்குதேன்... வலது பக்கம் கோடு விழுது, இடது பக்கம் வழவழன்னு கெடக்கு. அசையவே இல்ல... நல்லதா? நெத்தி சுருங்கலன்னா நல்லதா? என்னக்கா சொல்லுத?... ம்... ம்... மூளைன்னா நெத்தி அசையும். இது மொகத்து நரம்பு... பேரு சொல்லு. எனக்குப் பேரு தெரியணும்.

மொகவாதமா...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

எப்ப தொடங்குச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? காலைல எந்திச்சேன், பல்லு தேச்சேன், ஊத உக்காந்தேன்... வீடியோலாம் இருக்கு. ஒண்ணையும் அழிக்கல... பாத்தேனே. ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாத்தேன்... இல்ல. பாக்கல. கேட்டேன். காதுல மாட்டிட்டுக் கண்ண எங்கேயோ வச்சுட்டு சுரத்த மட்டும் கேட்டேன்... சரி. சத்தத்த அமத்திட்டுப் பாக்கேன். டாக்டர் கேப்பாவன்னா பாத்துத்தான ஆகணும்.

இது மொத எடுத்தது. நல்லாத்தான் இருக்கேன்... இல்ல, கண்ணு. வலது கண்ணு சிமிட்டுது, இடது கண்ணு பிந்திச் சிமிட்டுது... அடுத்தது, இடது கன்னம் உப்புது. பலூன் கணக்கா. வலது கன்னம் இறுக்கமா இருக்கு, இது தனியா உப்பிட்டு நிக்கி... இன்னொண்ணு... கடைசி இது.

எக்கா, என்னால பாக்க முடியல. வாயி வலது பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கு. மவுத்பீஸ் நடுவுல இருக்கு, வாயி அங்கன இல்ல. இதோடயா இவ்வளவு நேரம் ஊதிட்டு இருந்திருக்கேன்? மேல் சுரம் ஏன் உடையுது, ஏன் உடையுதுன்னு அதையே கேட்டுட்டு... ஒரு தடவகூட மொகத்தப் பாக்கலியே.

... ஆமா. ஆமாக்கா. ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், புரியுது. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. ஓரத்துல பிளாஸ்திரி போட்டு இழுத்து ஒட்டிட்டு ஊதினா காத்து நிக்கும்லா? ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் நீ எங்க போகச் சொன்னாலும் போறேன்... இல்ல, பைத்தியம் புடிக்கல. கட்டில்ல போன வைக்கேன், நீயே கேளு. பிளாஸ்திரிகூட இல்லாம, கையால கன்னத்த அமுக்கிட்டு ஊதுதேன். நீ கேட்டுட்டுச் சொல்லு...

...

கேட்டியா?

... இல்லக்கா, போன் கெட்டுப் போகல. அவ்வளவுதான் வந்துச்சு. அது சுரம் இல்ல. வெறும் காத்து.

மாட்டேன். இனி ஊத மாட்டேன். திட்டாத. கீழ வச்சுட்டேன்... வச்சுட்டேங்கேன்லா.

நீ சொல்லுவ, ஒரு பரீட்ச போனா இன்னொண்ணுன்னு. உனக்கு நர்சிங்குக்கு வருசாவருசம் ஆள் எடுத்தாங்க. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கொழல்னு சபையில எத்தன பேரு அப்பாகிட்ட கேட்டாவ. கிறிஸ்மஸ் பவனில பேண்டுக்குக் கடைசி வரிசையில நிப்பாட்டுவாவ, முன்னால வந்தா போட்டோல தெரியுமாம். சேரன்மகாதேவி பள்ளிக்கூடத்துக்கு பஸ்ல போகும்போதெல்லாம் மவுத்பீஸ மட்டும் கைக்குட்டைக்குள்ள வச்சு ஊதிட்டே போவேன். பக்கத்துல உக்காந்தவங்க எந்திச்சு வேற சீட்டுக்குப் போயிருக்காங்க. பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து முடிச்சு வந்து, அம்மா சீரியல் பாத்து முடிக்கது வரைக்கும் காத்திருந்து, குளியலறைக்குள்ள நின்னு ஊதியிருக்கேன். எல்லாம் இந்த ரெண்டு எட்யூடுக்குத்தான்க்கா. இந்த ஒரு நாளைக்குத்தான். இந்த உதடு நேத்து போயிருந்தா இன்னைக்கு நான் உக்காந்திருக்கவே மாட்டேன், நாளைக்குப் போயிருந்தா...

இரு. அம்மா கூப்பிடுதா, இன்னொரு லைன்ல... எடுக்கவா? எடுக்கல. எடுத்தா பேச்சுலயே கண்டுபிடிச்சிருவா... நீயும் சொல்லாத. நானே சொல்லிக்கிடுதேன்... ஏன்னா நாளக்கழிச்சு அந்த நாசரேத்து மாப்ள வீட்டுக்காரங்க என்னப் பொண்ணு பாக்க வாராவ. என் மொகத்தப் பாத்த உடனே அம்மா அதத்தான் சொல்லி அழுவா. அழட்டும். மொகம் கோணினா கோணட்டும்க்கா, யாரு பாத்தா என்ன. எனக்கு உதடு வேணும்.

திரும்ப வருமா?... நர்ஸா சொல்லாத, அக்காவா சொல்லு... இல்ல. நர்ஸாவே சொல்லு.

ம்... ம்... மாத்திரைய வெரசா தொடங்கினா முக்காவாசிப் பேருக்கு... வாரக் கணக்கா, மாசக் கணக்கா?... ஆளப் பொறுத்து. சரி. மிச்சப் பேருக்கு?... சரி, வேண்டாம். சொல்ல வேண்டாம்.

நான் கேக்கது சிரிக்க வருமா, சோறு திங்க வருமான்னு இல்லக்கா. ட்ரம்பெட் ஊதுத ஆளு யாருக்காச்சும் இது வந்து, குணமாகி, திரும்ப ஊதிப் பாத்திருக்கியா?... பாக்கல... பொய் சொல்லாம சொன்னியே, அது போதும்.

யாரு, விஜயஸ்ரீ அக்காவா? பக்கத்து வீட்டுக்கு எப்ப மெசேஜ் போட்ட, என்கூட பேசிட்டேவா?... வண்டி எடுத்துட்டு வாராளா? எக்கா, நான் இன்னும் சட்டகூட மாத்தல. காப்பிக் கறையோட நிக்கேன்... ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கா? சரி. போய் என்ன சொல்லணும்?... இன்னைக்குக் காலைலதான்னு சொல்லணும். காது வலியையும் சொல்லணும். கண்ணு காஞ்சு போகாம மருந்து கேக்கணும். சரி, சரி.

போறேன்னு சொன்னேன்லா. போகாம இருக்க மாட்டேன். ஆனா வீடியோவ அனுப்பிட்டுப் போறேன்... புதுசா எடுக்கல, பயப்படாத. மொத எடுத்தது... முழுசா இல்ல. பைய போறது முழுசா இருக்கு, மேல் சுரம் மட்டும் சில எடத்துல உடையும். ஓட்டமா ஓடுறது பாதில நிக்கும். நான் மவுத்பீஸ எடுத்துப் பாக்கேன், வாயத் தொடைக்கேன், திரும்ப வச்சு ஊதுதேன், அப்புறம் முடியாம கீழ வச்சிருதேன். எல்லாம் அதுல தெரியுது... தெரியும். எடுக்க மாட்டாங்க. பாதி ஊதினவள யாரு எடுப்பா.

ஆனா ஒண்ணுமே அனுப்பலன்னா நான் ஊதவே இல்லன்னுல்லா ஆயிரும்.

... கேட்டா எனக்கு மட்டும் நாளத் தள்ளி வைப்பாங்களா என்னன்னு தெரியல. கேக்கலாம்ங்கியா? வீடியோ அனுப்புத பாரத்துல கீழ ஒரு எடம் விட்டிருக்காங்க, ஏதாச்சும் சொல்லணும்னா எழுதச் சொல்லி. என்ன எழுத?... இரு, எழுதிட்டே படிக்கேன். இன்று காலை எனக்கு முகவாதம் வந்தது. இந்த வீடியோவில் அது வருவதைப் பார்க்கலாம்... அவ்வளவுதான். இங்கிலீஸ்ல போட்டுருதேன்... தயவுசெய்துன்னு போடவா? கெஞ்சினாப்ல இருக்காதா?... சரி. குணமான பிறகு இன்னொரு தடவ ஊத அனுமதி தரணும்னு கேக்கேன். குணமானாலான்னு போடல. குணமான பிறகுன்னே போடுதேன்...

நீ எதுக்கு மூக்க உறிஞ்சுத? வார்டுல எல்லாரும் பாக்கப் போறாவ.

கேட் சத்தம் கேக்கு. விஜயஸ்ரீ அக்காதான்... வாங்கக்கா, தெறந்துதான் கெடக்கு... எக்கா, என் மொகத்தப் பாத்தா, அவ துப்பட்டாவ உருவி என் தலையச் சுத்திக் கெட்டுதா. வண்டில போகும்போது காத்துப் படக்கூடாதாம்... சிரிக்கப் பாத்தேன், அதான் பாதியில நின்னுட்டு.

ஆமா, சாவி எடுத்துட்டேன். ஆதார் அட்டையும் எடுத்துட்டேன்... ட்ரம்பெட்டா? கட்டில்லயே கெடக்கு. எப்பவும் துடைச்சு, எண்ண போட்டு, பொட்டியில வச்சுப் பூட்டுவேன். இன்னைக்குத் தொடவே கை வரல.

இல்லக்கா, அழல. இடது கண்ணு மூடலைலா, அதுல தண்ணி தானா வடியுது... வலது கண்ணா?

அதுலயும்தான் வருது.

சரி, வைக்கேன். பேசிட்டே இருந்தா இங்கன நெட் இழுக்காது, வீடியோ பாதில நிக்கும். ஆஸ்பத்திரி போன உடனே... ஆமா, மொத உனக்குத்தான். வச்சிருதேன்க்கா.