எருமை என்றுதான் எழுதினேன்

பாலில் தண்ணீர் கலந்திருந்தால் எனக்கு நாக்கு நுனியிலேயே தெரிந்துவிடும், மேடம். நீங்கள் வாங்கித் தந்த இந்தத் தேநீரில் நிறையவே கலந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. கலப்படம் என்றால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். நான் செய்ததற்கெல்லாம் காரணமும் அதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சுங்கத்திலும் வனத்துறையிலும் பிடிபடுகிற பொடி, லேகியம், உப்புக்கண்டம் எல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும். இடித்துத் தூளாக்கினால் புலியும் பூனையும் ஒன்றுதான், கண்ணுக்கு எதுவும் தெரியாது. டிஎன்ஏ மட்டும் பொய் சொல்லாது. கரைத்து, பிரித்தெடுத்து, இயந்திரத்தில் ஓட்டினால் இது இன்ன விலங்கு என்று வந்துவிடும். அந்த விலங்கு சட்டப் பட்டியலில் இருந்தால் வழக்கு, இல்லாவிட்டால் விடுதலை.

ஓட்டுவது நான். கையெழுத்துப் போடுவது டைரக்டர். கையுறை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதே அவருக்கு மறந்திருக்கும். விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு நம்ம ஹெல்ப்பர்" என்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சுவரில் ஆணி அடித்தபோது காரை பெயர்ந்து விழுந்தது, அப்படிப்பட்ட வீடு. ஹெல்ப்பர்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்கு உதவும். வேலைக்குச் சேரும் நாளில் எங்கள் எல்லோருடைய எச்சிலையும் எடுத்து ஓட்டிப் பதிந்துவைப்பார்கள். மாதிரியில் மனிதன் என்று வந்து, அது எங்களில் ஒருவரோடு பொருந்தினால், 'கை பட்டுவிட்டது' என்று எழுதி அந்த முடிவைத் தள்ளிவிட வேண்டும். யார் கை பட்டதோ அவர் பெயரைச் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் போடுவார்கள். எல்லோர் பெயரும் அதில் வந்திருக்கிறது. என் பெயர் வந்ததில்லை. நான் ஒரு கைக்கு இரண்டு கையுறை போடுகிறவள்.

இனி லேகியக்காரர். மூட்டுவலி லேகியத்தில் அழுங்குச் செதில் சேர்க்கிறார் என்று அவர்மேல் வழக்கு. அழுங்கு தெரியுமல்லவா, உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புத்தின்னி, ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பாவப்பட்ட ஜீவன். நான் ஓட்டினேன். எருமை என்று வந்தது. ஆளை விட்டுவிட்டார்கள். கோர்ட்டு வராந்தாவில் அவர் மனைவி ஆனந்தக் கண்ணீர் வடிக்க, இவர் என்னிடம் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, நல்லாப் பாத்தீங்களா? எருமையேதானா?"

"எருமையேதான். நீங்க வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்குப் போறது இருக்கட்டும். அந்தத் திருட்டுப் பய அழுங்குன்னு சொல்லி எனக்கு எருமைய வித்திருக்கான். என்னை நம்பி லேகியம் திங்கிறவன் கதி என்னம்மா?"

அவர் கண்ணில் நிஜமான வேதனை இருந்தது. டாக்டரம்மா என்று என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. சரக்கை வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்.

ஒரு காசு வாங்கவில்லை, மேடம். வங்கிக் கணக்கைத் தோண்டிப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தில் வைக்கிற தட்டில் வரிசை வரிசையாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் சில குழிகள் காலியாகத்தான் ஓடும். காலியாக ஓடினாலும் மின்சாரச் செலவு அதேதான். சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். காலிக் குழிகளில் அவருடைய மாதிரியைப் போட்டேன்.

லேகியக்காரருக்குக் கூட்டாளிகள் உண்டு. அவர்களும் அனுப்பினார்கள். வந்ததில் பெரும்பாலும் எருமை. மிச்சம் ஆடு, பன்றி. புலி நகம் என்று வந்த ஒன்று நாயாகக்கூட இல்லை, சுத்தமான பிளாஸ்டிக். நாடு இவ்வளவு கெட்டுக்கிடக்கிறதே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்ச காலத்தில் போலிச் சரக்குக்காரர்கள் தொழிலை விட்டு ஓடினார்கள். சந்தை சுத்தமானது.

சுத்தமானதும் நிஜச் சரக்கு வர ஆரம்பித்தது. அதற்கு முன் வனத்துறை அனுப்பிய பைகளில் அழுங்கு வருவது அத்தி பூத்தாற்போல். பிறகு எதை ஓட்டினாலும் அழுங்கு. கண்டுபிடிப்பு விகிதம் உயர்ந்துவிட்டது என்று டைரக்டருக்கு மேடையில் விருது கொடுத்தார்கள். உயர்த்திய நான் கடைசி வரிசையில் நாற்காலி இல்லாமல் நின்றிருந்தேன். அழுங்குகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய்யான எருமையைவிட உண்மையான அழுங்கு மேல் இல்லையா?

மாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. இறைச்சிச் சந்தையில் எருமை வெட்டுகிறவர். குளம்பை வேகவைத்து, பலகைக்கு அடியில் அமுக்கி, சீவி, அரம் போட்டு, திக்கான தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டால் அழுங்குச் செதில் தயார். என்னைப் படிக்கவைத்தது அந்தச் செதில்தான். எங்கள் சமையலறையில் உலர்த்துவார். அவருடைய வலது கட்டைவிரல் நகம் அகலமாக, தடித்து, சாயமேறிக் கறுத்திருக்கும்.

"இதப் புடுங்கி வித்தாக்கூட அழுங்குன்னு வாங்கிட்டுப் போவானுங்க, மருமகளே" என்று விரலை ஆட்டிக் காட்டுவார். "நான் செஞ்ச செதிலப் பாத்தா அந்த அழுங்கே வந்து, என் சட்டைய எங்கடா சுட்டேன்னு கேக்கும்."

அம்மா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். படிப்பதற்கு முன்னால்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எவனோ மிஷின் வச்சிருக்கானாம். எல்லார் சரக்கையும் எருமை எருமைன்னு சொல்லிடுறானாம். எவனோ படிச்ச நாயி."

நான் தட்டில் கை கழுவினேன்.

பிறகு லேகியக்காரர் அனுப்பிய பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்ததுமே தேயிலை வாசனை. அரம் போட்ட கோடுகள்கூட எனக்குப் பழக்கமானவை. அன்று சாயங்காலம் மாமா கூடத்து வாசலில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார், உள்ளே யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை.

"அந்த மிஷினு உங்க ஆபீஸுலதான் இருக்குதாமே. யாரு பாக்குறது?"

"நான்தான், மாமா."

"நீதானா? சரி விடு. நம்ம புள்ளதான். இந்த ஒரு தடவ தெரியலன்னு சொல்லிடு. நீங்க அப்படிச் சொல்றது உண்டுதானே?"

உண்டு. டிஎன்ஏ சிதைந்திருந்தால் 'முடிவு தெரியவில்லை' என்று எழுதுவோம். ஆனால் இது சிதையவில்லை.

"தெரிஞ்சத எப்படி மாமா தெரியலன்னு சொல்றது?"

"அடியே, அவனுங்க லேசுப்பட்டவனுங்க இல்ல. ஏமாத்திட்டேன்னு தெரிஞ்சா என்னை உசுரோட விட மாட்டானுங்க."

"நீங்க ஏமாத்தினது உண்மைதானே, மாமா?"

அவர் சிரித்தார். "நான் வித்த எருமையிலதான்டி நீ படிச்ச."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, மாமா."

சம்பந்தம் இல்லைதானே, மேடம்? மாதிரி யாருடையது என்று பார்த்து முடிவு எழுதுகிறவள் விஞ்ஞானியா? மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை.

எருமை என்றுதான் எழுதினேன்.

லேகியக்காரர் போனில் நன்றி சொன்னார். "ஆளு யாருன்னு தெரியும், டாக்டரம்மா. நாங்க பாத்துக்கறோம்." என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. முடிவைச் சொல்வது என் வேலை. அதை வைத்து என்ன செய்வது என்பது வாங்கியவர் விருப்பம்.

மறுவாரம் அத்தை வந்தாள். மாமா வீடு திரும்பவில்லை என்றாள். "நீ படிச்சவ, உன் வார்த்தைய ஸ்டேஷன்ல கேப்பாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். புகாரை நானே எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் இருக்கும், பாருங்கள், ஒரு எழுத்துப்பிழை இருக்காது. யாரோடு பகை என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். அத்தை அதன்பிறகு தினமும் எனக்குப் போன் செய்தாள். இன்று காலையும் செய்தாள்.

அதற்கப்புறம்தான் வனத்துறையிலிருந்து அந்தப் பை வந்தது. லேகியக்காரரின் கிடங்கில் பிடித்தது. உள்ளே எல்லாம் நிஜச் செதில், என் கைராசி. ஒன்று மட்டும் சிறியது. அகலமாக, தடித்து, கறுத்து. அடிப்பக்கம் காய்ந்த சதை. பிடுங்கிப் போட்டவனுக்கும் அது செதிலாகத்தான் தெரிந்திருக்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்வது எங்கள் பழக்கமல்ல. அதையும் ஓட்டினேன். மனிதன் என்று வந்தது. பதிவில் தேடினேன். என்னோடு பொருந்தியது. எங்கள் சோதனை பார்ப்பது தாய்வழியாக மட்டும் வருகிற துண்டை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான், மகள்களின் பிள்ளைகளுக்கும் அதேதான். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, மாமாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு.

நடைமுறை என்னவோ அதைச் செய்தேன். 'கை பட்டுவிட்டது' என்று எழுதி முடிவைத் தள்ளினேன். எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் என் பெயரை நானே எழுதினேன். கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரி என் தோளில் தட்டி, "அப்பாடா, நீயும் மனுஷிதான்டி" என்றாள். டைரக்டர்கூட வெளியே வந்து ஆறுதல் சொன்னார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

நகத்தை வேறு கூடத்துக்கு அனுப்பி அது யாருடையது என்று நீங்கள் உறுதி செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அவரைக் காட்டிக் கொடுத்தது நான், தெரிந்து செய்தேன். அவர் போய்விட்டது தெரிந்த பிறகும் அத்தையைக் காத்திருக்கவைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அந்தப் பலகையில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அழிக்கச் சொல்லுங்கள், மேடம். அன்று நான் இரண்டு கையுறை போட்டிருந்தேன். அது என் கவனக்குறைவு இல்லை. அது என் மாமா.