மில் சங்கு ஊதிய மவுத் ஆர்கன்

முதலியார்பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து பீச்சுல, கச்சேரி நடுவுல எங்க வூட்டுக்காரரு ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டாருடி."

"அவரு மில்லுலேர்ந்து நின்னு அஞ்சு வருஷம் ஆச்சேடி!"

"எல்லாம் என் தம்பி பண்ண வேலை. டான்ஸ் பாட்ட வுட்டுட்டான். இப்ப கிட்டாரோட, லாரிக்காரன், மில்லுக்காரன்னு நம்ம ஜனங்க கதையத்தான் பாடுறான். மொதப் பாட்டுக்கு ஒருத்தரும் கை தட்டல. ரெண்டாவதுல முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்தே போயிட்டாரு. தம்பி மூஞ்சி செத்துப்போச்சு."

"அப்புறம்?"

"மூணாவது பாட்டுக்கு மவுத் ஆர்கன்ல மில் சங்கு மாதிரியே ஊதினான். எங்க வூட்டுக்காரரோட மில் ஆளுங்க அத்தினி பேரும் பழக்கதோஷத்துல எழுந்துட்டாங்க. இவங்களும் போறாங்கன்னு தம்பி கண்ண மூடிக்கினான். தொறந்து பாத்தா எல்லாம் நின்னு ஆடுறாங்க! அந்தப் பாட்ட மூணு தரம் பாட வெச்சாங்க. அந்தப் பெரியவரு இருந்திருந்தா அவரும் ஆடியிருப்பாரு, பாவம்."

அவள் தம்பி பார்க்க முன்வரிசையிலிருந்து எழுந்து போனவன் நான்தான். செய்தது தவறு. அதை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி, ஆடியிருப்பேன்.