சமவெளிக்குப் போன பெட்டி

பீர் பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்தால் பலர் கைதட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, மேடம். காய்ச்சியவர் பொறுமையில்லாதவர் என்றுதான் அதற்கு அர்த்தம். எங்கள் மலையூரான பாகியோவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டில் பொங்கினால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சிலர் சர்க்கரையை அதிகமாகப் போட்டிருப்பார்கள். சிலர் பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். எங்கள் மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போகும். நொதித்து முடிந்துவிட்டது என்று நம்பி பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். அதே பாட்டில் கீழே சமவெளி வெயிலுக்குப் போனால் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மீதி இனிப்பைத் தின்னும். உள்ளே வாயு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி எவ்வளவுதான் தாங்கும்?

என் மனைவி மரிவிக் என்னைப் பார்த்துத்தான் காய்ச்சத் தொடங்கினாள். ஸ்ட்ராபெரி போட்டு அவள் காய்ச்சியதைக் குடித்தவர்கள் அதற்குப் பிறகு என்னுடையதைக் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நானே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தாகுபானில் கடலோரமாகப் பால்கெண்டை மீன் சுட்டு விற்கும் நெனித்தா அவளுக்குச் சித்தி மகள். உன் பீரையும் என் கடையில் வைத்து விற்கலாம், இங்கேயே வந்துவிடு என்று கூப்பிட்டாள். மரிவிக் ஒரே மூச்சில் சரி என்றுவிட்டாள்.

"நீயும் வாயேன், எல்பி. கடல் காத்து உன் மூட்டுக்கு நல்லது."

"அந்தப் புழுக்கம் எனக்கு ஆகாது. நீ போயிட்டா எனக்குச் சோறு யாரு போடுவா?"

"அரிசி டப்பா எங்க இருக்குன்னு காட்டிட்டுப் போறேன், போதுமா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கொண்டுபோக வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்தபோது நுரை கூரையைத் தொட்டது. என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னாள். ஒரு வாய் குடித்தேன். நாக்கில் இனிப்பு நின்றது. பாதியில் தூங்கிப்போன பீர். முதல் மடக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த பாட்டிலை நீ சரியா கழுவல. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

"எனக்கென்னமோ பயமா இருக்கு. எல்லா மூடியையும் லேசா நெம்பி, காத்தை விட்டுட்டுத் திரும்ப அடைச்சிடலாமா?"

"நீ துணியை மடிச்சு வை. நான் பாத்துக்கறேன்."

பின்கட்டுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மூடி திறக்கும் கருவி மடியில் இருந்தது. உள்ளே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் பாடி வெகுகாலம் ஆகியிருந்தது. முடிந்ததா என்று குரல் கொடுத்தாள். முடிந்தது என்றேன். ஒரு மூடியையும் நான் தொடவில்லை. பஸ்ஸில் குலுங்கக் கூடாதே என்று பாட்டில்களுக்கு என் கம்பளிச் சட்டையைச் சுற்றி, பெட்டியை நானே தூக்கி ஏற்றினேன்.

மறுநாள் மதியம் போன் செய்தாள். அங்கே நல்ல வெயில். பெட்டியை அடுப்படியில் இறக்கியிருந்தார்கள்.

"எல்பி, பெட்டிக்குள்ள உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. அதுக்குப் பக்கத்துலயே போகாதேன்னு நெனித்தா சொல்றா. என்ன செய்ய?"

கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அவளுக்கு என்ன தெரியும்? எந்த மூடி கசியுதுன்னு ஒவ்வொண்ணா எடுத்து, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கிட்டக்க வச்சுப் பாரு" என்றேன்.

போனை வைக்காமல் காத்திருந்தேன். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. "இது இல்ல" என்றாள். பிறகு, "இதுவும் இல்ல." அதன் பின் வந்தது பெரிய சத்தம்கூட இல்லை, மேடம்.

கையில் ஒரு காயம் பட்டால் போதும், காய்ச்ச முடியாமல் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை என்றால் அது பொய். கிட்டக்க வைத்துப் பார் என்று சொன்னவன் நான்தானே. நெனித்தா உங்களிடம் புகார் கொடுத்ததில் தப்பே இல்லை. அவள் சொன்னதெல்லாம் நடந்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் மரிவிக்கை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நம்ம வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். முன்பு போல வெளியே யாரோடும் அவளுக்குப் பேச்சில்லை. இப்போதுதான் எங்களுக்கென்று நேரம் கிடைத்திருக்கிறது. என்னை நெனித்தாகிட்ட கொண்டுபோய் விட்டுடு என்று தினமும் கேட்கிறாள். வலியில் ஏதோ சொல்கிறாள், பாவம்.

சீக்கிரம் முடித்தால் நல்லது, மேடம். அவள் தனியாக இருக்கிறாள். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்தேன். கண் தெரியாதவள் தட்டுத்தடுமாறித் தெருவுக்கு வந்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது அல்லவா?