ஒரு சாண் தூரம்

ஏணியை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போட்டுக்குங்க தம்பி, அங்க தரை ஆடுது. ஆமா, பலகையில அந்தக் கடைசிப் பேருக்குக் கீழதான் எழுதணும். பதினோரு பேர் இருக்கா? என்னோடது பன்னெண்டாவது.

இல்லல்ல, கப்பு வாங்கினவங்க பட்டியல் இல்ல இது. கோல்ஃப்ல மொத்தம் பதினெட்டு குழி. எல்லாத்துலயும் பந்தைப் போட்டு முடிக்க மட்டையால எத்தனை அடி அடிச்சோம்னு எண்ணுவாங்க. குறைய குறைய நல்லது. உங்க வயசு எழுபத்தஞ்சுன்னா, எழுபத்தஞ்சு அடியிலயோ அதுக்குள்ளயோ முடிச்சா இந்தப் பலகையில பேர் ஏறும். வயசுப் பையன் தலைகீழா நின்னாலும் முடியாது. கிழவனுங்களுக்குன்னே வெச்ச ஆசை. வருஷா வருஷம் ஒரு அடி இனாமா கிடைக்கும், உடம்பு ரெண்டு அடி பிடுங்கிக்கும். எங்க போய் எட்டிப் பிடிக்கிறது, சொல்லுங்க?

சிரிக்கிறீங்க. நாங்க பத்து வருஷம் சிரிக்காம அதுக்கு அலைஞ்சோம், நானும் தராசும்.

தராசுன்னா ஆளுதான். சர்வேயரா இருந்தான். பள்ளிக்கூடத்துல இருந்து என் கூட, ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. மட்டையை வைக்கும்போது பந்து ஒரு நூல் அசைஞ்சாலும் தானே ஒரு அடி கூட்டிப் போட்டுக்குவான். யாரும் பார்க்கலியேடான்னா, நான் பார்த்தேனேம்பான். அதுல வந்த பேரு. நானா? நான் பல் டாக்டர். இப்ப இந்தக் கை ஆடுற ஆட்டத்தைப் பாருங்க, இதை நம்பி வாயைத் திறப்பீங்களா?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, எங்களுக்கு எழுபத்தேழு. நானும் அதுக்குள்ள ரெண்டு தடவை கிட்ட வந்து கோட்டை விட்டவன்தான். அன்னைக்கு எனக்கு எட்டாவது குழியிலயே இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவனுக்கு என்னமோ, தொட்டதெல்லாம் நேரா போச்சு. கடைசிக் குழி. எழுபத்தாறு அடி முடிஞ்சு பந்து குழி ஓரத்துல நிக்குது. எவ்வளவு தூரம்ங்கிறீங்க? ஒரு சாண். இந்தா, இவ்வளவுதான். குழந்தை தள்ளிவிட்டா விழும். விழுந்தா எழுபத்தேழு, பலகையில பேரு.

இப்ப எங்களுக்குள்ள ஒரு பழக்கம். சும்மா ஆடும்போது அவ்வளவு கிட்ட வந்த பந்தை யாரும் மெனக்கெட்டுப் போடறதில்ல. போதும் எடுத்துக்கோம்போம், எடுத்துக்குவோம். விழுந்ததா கணக்கு. ஆனா இந்தப் பலகைக்கு அது செல்லாது. பந்து குழிக்குள்ள விழுந்தே ஆகணும். அதுக்கு முன்னாடி கையால எடுத்தா ஒரு அடி அபராதம்.

நான் சொன்னேன், போதும்டா எடுத்துக்கோன்னு.

எடுத்துட்டான். எத்தனை வருஷப் பழக்கம், கை தானா போச்சு. நிமிர்ந்தப்புறம்தான் முகம் மாறுச்சு. சுத்திலும் ஈ காக்கா இல்ல. அடிக்கணக்கு எழுதற அவன் கார்டுல கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எழுபத்தேழுன்னு போட்டா ஏன்னு கேட்க ஆள் கிடையாது. ஆனா தராசாச்சே. பந்தைத் திரும்ப அதே இடத்துல வெச்சான், தட்டினான், விழுந்துச்சு. எழுபத்தெட்டுன்னு எழுதுடான்னான். எழுதினேன். எனக்கு ஆறுதல் வேற சொன்னான். பழக்க தோஷம்டா, நீ என்ன பண்ணுவ, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு.

அடுத்த வாரம் பூரா மழை. அடுத்த மாசம் அவனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் சுத்தமா விழுந்துடுச்சு, பேச்சும் பாதிதான். டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. இனிமே மட்டை பிடிக்கிறதெல்லாம் இல்ல.

என்ன? போதும் போதும், எழுத்து அந்த உயரமே போதும். பெரிசா வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை, எழுபத்தொம்பது வயசுல, சரியா எழுபத்தொம்பது அடியில முடிச்சேன். எப்படின்னு கேக்காதீங்க, குருட்டு அதிர்ஷ்டம். கடைசிக் குழியில அதே கூத்து, ஒரு சாண். கூட ஆடினவர் பேங்க்காரர், பாவம், ஒண்ணும் நினைக்காம போதும் சார் எடுத்துக்குங்கன்னுட்டார். நானும் குனிஞ்சுட்டேன். கை பந்துகிட்ட போயிடுச்சு. அப்ப ஓரத்துல இருந்து ஒரு சத்தம். தராசு. ஞாயித்துக்கிழமைன்னா அவன் மக சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்து அங்க நிறுத்துவா. பாதி வாயால, எச்சில் தெறிக்க, டேய் எடுக்காத, போடு, போடுங்கறான். ரெண்டு வருஷத்துல அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

போட்டேன். விழுந்துச்சு. அவன் இடது கையால தொடையைத் தட்டித் தட்டி அழுதான். சந்தோஷத்துல.

எனக்கா? இருக்கு தம்பி, சந்தோஷம் இல்லாமலா. பன்னெண்டு வருஷ ஆசை.

அன்னைக்கு அவனை எடுத்துக்கோன்னு சொன்னப்ப எனக்கு வாய் தவறல. சட்டம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. அவன் எழுபத்தாறுல நிக்கிறான்னும் தெரியும், கார்டு என் கையிலதானே இருந்துச்சு. எனக்கு முன்னாடி ஏறிடுவானேன்னு ஒரு நொடி. அவ்வளவுதான். சொல்லிடலாம்னு ரெண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறான், நான் என்னத்தைச் சொல்ல.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. நாலு மணிக்கு அவனைக் கூட்டிட்டு வராங்க. என் பேரைத் தொட்டுப் பார்க்கணும்னு அடம் பிடிக்கிறானாம். அதுக்குள்ள பெயின்ட் காஞ்சுடும் இல்ல?